பூட்டி விற்றுவிட்டதாகச் சொன்ன விளை: கல்குளம் தாலுகாவில் ஒரு குடும்ப வரலாற்றைத் தேடியது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது 2019-ல் நடந்தது. நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். பழைய பத்திரங்களை விரித்துப் பார்ப்பதில் ஒரு பைத்தியம் உண்டு, அவ்வளவுதான், வரலாறு படித்தவன் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியலுக்கும் தக்கலைக்கும் நடுவில் ஒரு ஊர். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் கிறிஸ்துமஸ் விடுமுறையில் மூன்று கிளைகளும் சேர்ந்து ஒரு கூடுகை வைக்கத் தீர்மானித்தது. அன்றைக்குப் பூட்டியை, அதாவது கொள்ளுப்பாட்டியைப் பற்றி நாலு பக்கம் அச்சடித்துக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. பூட்டியின் கொள்ளுப்பேரன் ஒருவர், நாற்பது தாண்டியவர், "அண்ணே, நீங்க பத்திரம் எல்லாம் வாசிப்பீங்கள்லா, கொஞ்சம் பாத்துத் தரணும்" என்று வந்தார். ஊர்ப்பெயர், வீட்டுப்பேர், ஆள்பேர் எதையும் இங்கே போடவில்லை. குடும்பம் சம்மதித்துத்தான் எழுதுகிறேன்.

பூட்டி பெயர்பெற்ற ஆள் ஒன்றும் இல்லை. மரச்சீனி என்கிற மரவள்ளி நட்டவர், பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, வயல் எடுத்துச் செய்தவர், அக்கானி என்கிற பதநீர் காய்ச்சியவர், மூன்று பிள்ளை பெற்றவர். படம் ஒன்றுகூட கிடையாது. பேரே கூட ஒழுங்காக நிற்கவில்லை. வீட்டில் கூப்பிட்டது ஒன்று, சபைப் பதிவில் இருப்பது இன்னொன்று. கொள்ளுப்பேரனுக்கு முதலாவதுதான் தெரியும்.

ஆனால் அவரைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று இருந்தது, விளை, அதாவது தோட்ட நிலம், கைவிட்டுப் போன கதை. மூத்த மகன் வழியினர் சொல்வது: "பூட்டி விவரம் இல்லாம நூத்தி நாப்பது ரூவாய்க்குக் கைநாட்டு வச்சுக் குடுத்துட்டா." மூத்த மகள் வழியினர் சொல்வது வேறு: மாமன், அதாவது அந்த மூத்த மகன், குடித்து அழித்தார். இளைய மகள் உயிரோடு இருந்தார், அப்போது வயது 86. அவர் இரண்டு கதைக்கும் வாய் திறந்ததில்லை. மூன்று கிளைகளும் கல்யாணம் காட்சிக்கு வந்து போகிறவர்கள்தான், ஆனாலும் விளைப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் எழுந்து கைகழுவப் போய்விடுவார்.

கையில் இருந்தது

ஒரு தகரப் பெட்டி. உள்ளே நிலவரியான கரம் தீர்த்த ரசீதுகள் பத்துப் பதினைந்து, கரையான் அரித்த ஒரு பைபிள், ஒரே ஒரு பழைய முத்திரைப் பத்திரம். பத்திரம் மலையாளத்தில். இதில் ஆச்சரியம் இல்லை, கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் கொச்சியிலும் இருந்தவை, சர்க்கார் எழுத்து பெரும்பாலும் மலையாளம்தான். ஆண்டும் கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. சிங்ஙம் ஒன்றில் வருஷம் பிறக்கும், ஆகவே ஆங்கில ஆண்டு வர ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் முடிய 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. இந்தக் கணக்கு எனக்குத் தலைகீழ்ப் பாடம், அதனால்தானோ என்னவோ கணக்குக்கு முந்தின இடத்தில் கோட்டை விட்டேன்.

எனக்கு மலையாளம் அச்சில் ஓடும். கையெழுத்தில் தத்தித் தத்தித்தான்.

பத்திரத்தில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஒரு பெண், வயது 30, விதவை. இந்தக் குடும்பத்தின் வீட்டுப்பேர். இதே விளையின் பேர். 140 பணத்துக்கு ஒற்றி, அதாவது நில அடமானம். மகர மாதம். ஆண்டு 1099.

முதலில் எடுத்த முடிவுகள்

மூன்று முடிவு எடுத்தோம். ஒன்று, பத்திரத்தை முதலில் முடித்துக்கொண்டு அதற்குப் பிறகு இளைய மகளிடம் போவது, வயதானவரைச் சும்மா சும்மா தொந்தரவு செய்ய வேண்டாம் என்று. இரண்டு, சபையின் பதிவேட்டில் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் மூன்றையும் பார்ப்பது. மூன்று, கிடைப்பதை அவ்வப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது, எல்லாரும் சேர்ந்து தேடினால் சீக்கிரம் முடியும் என்று நினைத்தோம். முதலாவதும் மூன்றாவதும் தப்பு. அன்றைக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

99

1099 என்றதும் குழுவில் ஒரே உற்சாகம். கொல்லம் 1099 கர்க்கடகத்தில், அதாவது 1924 ஜூலையில், திருவிதாங்கூரில் பெரிய வெள்ளம் வந்தது. அதன் முழு அடியும் வடக்கே மத்தியத் திருவிதாங்கூரில்தான். இருந்தும் இங்கேயும் பழைய ஆட்கள் "தொண்ணூத்தொம்பதுல" என்றால் அதற்கு ஒரு தனி மரியாதை. வெள்ளம் வந்த வருஷத்தில் பூட்டி தனியாளாக நின்று ஒற்றி எழுதினார் என்று ஒருவர் போட, இன்னொருவர் அதற்கு ஒரு மழைப்படம் வரைந்து போட்டுவிட்டார். மகரம் ஜனவரி பிப்ரவரியில் வருவது, வெள்ளம் அதற்கு ஐந்து மாதம் கழித்து. இதை நான் சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. நானும் அழுத்திச் சொல்லவில்லை.

140 பணம் என்ன என்பதையும் சொன்னேன். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். அப்படியானால் 140 பணம் என்பது 20 ரூபாய். குடும்பக் கதையில் இருந்த "நூத்தி நாப்பது" எங்கிருந்து வந்தது என்று அப்போதே தெரிந்துவிட்டது, பணம் போய் ரூபாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது எனக்குப் பெரிய சாட்சியாகப் பட்டது. கதையில் உள்ள எண்ணும் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்று, அப்படியானால் கதையில் வரும் பெண்ணும் பத்திரத்தில் உள்ள பெண்ணும் ஒருத்திதான் என்று முடிவே கட்டிவிட்டேன். பத்திரத்தில் இருந்த ஆள்பேர், வீட்டில் கூப்பிட்ட பேரும் இல்லை, சபைப் பேரும் இல்லை, மூன்றாவது ஒன்று. அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்தது: ஞானஸ்நானத்துக்கு முந்தைய பேராக இருக்கும். தகப்பனார் பேர் இருந்த இடம் மடிப்பில் கிழிந்து போயிருந்தது.

அப்புறம் சபைப் பதிவேடு வந்தது. லண்டன் மிஷன் வழி வந்த சபை, ஏடு தமிழில், எழுத்து முத்து முத்தாக. 1806-ல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்ததிலிருந்து தொடங்கிய மிஷன் அது. 1908-ல் அதன் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையில் சேர்ந்துவிட்டன, 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை ஆனது. ஒரே சபையின் ஏடுகளுக்குத் தலைப்பு மூன்று விதமாக இருப்பது இதனால்தான், தேடுகிறவர்கள் வேறு சபை என்று நினைத்து மூடி வைத்துவிடக் கூடாது. இதில் பூட்டியின் கல்யாணம் 1922. பெண்ணுக்கு வயது 18, கையெழுத்து இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பிள்ளைகளின் ஞானஸ்நானம் 1924, 1929, 1933. கணவர் அடக்கம் 1934.

இங்கேயே நான் நின்றிருக்க வேண்டும். 1922-ல் 18 வயதுப் பெண் 1924-ல் 30 வயது விதவை ஆக முடியாது. கணவர் 1934 வரை இருந்திருக்கிறார். நான் என்ன செய்தேன் என்றால், வயது அந்தக் காலத்தில் குத்துமதிப்பாக எழுதுவதுதான் என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு, விதவை என்பதற்கு "முதல் கணவர் இறந்து இது இரண்டாம் கல்யாணமாக இருக்கலாமோ" என்று குறிப்பில் எழுதினேன். கேள்விக்குறி போட்டுத்தான் எழுதினேன். கொள்ளுப்பேரன் அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டார். குழுவில் கேள்விக்குறியை யார் பார்க்கிறார்கள்?

இரண்டு நாளில் செய்தி 86 வயதுப் பாட்டியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. பேத்தி வாசித்துக் காட்டியிருக்கிறாள். பாட்டி அன்றைக்கு ராத்திரி கஞ்சி குடிக்கவில்லை என்று எனக்கு மறுநாள் சொன்னார்கள்.

திருத்தம்

விளவங்கோட்டுப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பார்க்கப் போனேன். 1956-க்கு முன் மலையாளப் பள்ளியில் படித்தவர், அப்போது வயது 79. பழைய கையெழுத்து வாசிக்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் இனி விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். பத்திரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"தொண்ணூத்தொம்பது இல்ல சார். அறுபத்தொம்பது."

மலையாள எண்ணில் எழுதிய ஆண்டு. அதில் 6-ம் 9-ம் வேகமான கையெழுத்தில் கிட்டத்தட்ட ஒரே சுழிப்பு. பக்கத்தில் பக்கத்தில் இரண்டும் இருந்ததால் எனக்கு இரண்டும் ஒன்பதாகத் தெரிந்திருக்கிறது. வெள்ளம் வேறு மனதில் இருந்ததால், பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். 1069 மகரம் என்றால் 1894 ஜனவரி பிப்ரவரி. பூட்டி அன்றைக்குப் பிறக்கவே இல்லை. ஒற்றி எழுதிய 30 வயது விதவை பூட்டியின் மாமியார்.

ஆசிரியர் பத்திரத்தைப் புரட்டிப் பின்பக்கத்தையும் காட்டினார். நான் கறை என்று விட்டிருந்த நாலு வரி, ஒழிமுறி, அதாவது ஒற்றி தீர்ந்ததற்கான எழுத்து. 1084-ல், அதாவது 1909-ல், அந்த விதவையும் மகனும் 140 பணத்தையும் திருப்பிக் கொடுத்து ஒற்றியை மீட்டிருக்கிறார்கள். 15 வருஷம் ஆகியிருக்கிறது 20 ரூபாய் சேர்க்க. மீட்டதால்தான் பத்திரம் வீட்டுக்குத் திரும்பி வந்து தகரப் பெட்டியில் இருந்திருக்கிறது, கைவிட்டுப் போயிருந்தால் அது இங்கே இருக்கவே நியாயம் இல்லை. இந்த ஒரு யோசனை எனக்கு இரண்டு மாதமாக வரவில்லை.

ஆகக் குடும்பக் கதையில் இரண்டு பெண்கள் ஒருத்தியாகிப் போயிருக்கிறார்கள். மாமியார் ஒற்றி வைத்த தொகை மருமகள் தலையில் ஏறியிருக்கிறது, மாமியார் மீட்ட செய்தி எங்கேயோ விழுந்துவிட்டது.

நான் செய்த முதல் வேலை பாட்டி வீட்டுக்குப் போனது. இரண்டாம் கல்யாணம் என்று எழுதியது என் தப்பு, பத்திரம் உங்கள் அம்மையுடையதே இல்லை, உங்கள் அப்பாவைப் பெற்ற அம்மையுடையது என்று சொன்னேன். பாட்டி நெடுநேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்க அம்மைக்கு ஒரு கெட்டுதான். அத எழுதுயதுக்கு மும்ப எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றார். சுக்குக்காப்பி போடச் சொன்னார். கொள்ளுப்பேரன் குழுவில் திருத்தம் போட்டார். முதலில் போட்டதற்கு முப்பது பேர் பதில் எழுதியிருந்தார்கள், திருத்தத்துக்கு நாலு பேர்.

பாட்டி சொன்னவை

அதற்குப் பிறகு நாலு முறை போனேன், காலை பத்து மணிக்கு மேல், ஒலிப்பதிவோடு. "எந்த வருஷம்" என்று கேட்டால் ஒன்றும் வராது. "அப்போ அரிசி ரேஷனா?" என்று கேட்டால் வரும். ஊரறிந்த சம்பவங்களைத் தறியாக நட்டு அவற்றில் கட்டிப் பார்த்தோம்: 1936 நவம்பரில் கோயில் பிரவேச விளம்பரம், 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்துக் கப்பலரிசி நின்றது, 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச்சூடு. "எனக்குக் கல்யாணம் கழிஞ்சு மறுவருசம் வெடி வச்சாவ" என்றார் பாட்டி. அப்படியானால் கல்யாணம் 1953. இந்த ஒரு வரி பிறகு எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

விளையைப் பற்றி அவர் சொன்னதை எழுதினால் தனியாகவே நாலு பக்கம் போகும். செம்மண். மேட்டில் மரச்சீனி, ஓரத்தில் பனை, வீட்டுப் பக்கம் தெங்கு. கணவர் போன பிறகு பனை ஏற ஆள் இல்லை, ஏறுகிறவரோடு முறை வைத்துக்கொண்டார்: ஒரு நாள் அக்கானி அவருக்கு, மறுநாள் மரத்துக்காரிக்கு. தன் முறை நாளில் விடிவதற்குள் அடுப்பு மூட்ட வேண்டும், வெயில் ஏறினால் அக்கானி புளித்துவிடும். பாட்டிக்கு அப்போது ஆறேழு வயது. சருகு பொறுக்கி அடுப்பில் தள்ளுவது அவர் வேலை. பதம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கொதிக்கிறதில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பாராம் அம்மை, உருண்டு நின்றால் சிரட்டையில் ஊற்றலாம். "சிரட்டையோட அடிப்பக்கத்துல ஒட்டியிருக்கத நக்கதுக்கு எங்களுக்குள்ள சண்ட" என்று சொல்லும்போது பாட்டியின் கை தன்னால் சிரட்டையைப் பிடிப்பதுபோல் வளைந்தது.

கருப்பட்டியும் கிழங்கும் கடவத்தில் வைத்துத் தலைச்சுமையாகத் திங்கள்சந்தைக்குப் போகும். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் பெண்கள் உண்டு, மரச்சீனிக்குச் சாளை மாற்றிக்கொள்வார்கள், காசு கைமாறாது. வயல் ஏலாவில், அதாவது வயல்வெளியில், இன்னொருவருடையது, பாட்டத்துக்கு. கன்னிப்பூ, கும்பப்பூ இரண்டு போகம். பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்த பிறகு பத்மநாபபுரம் புத்தனாற்றில் வந்த தண்ணீர்தான் இரண்டாவது போகத்துக்குத் தைரியம் கொடுத்தது என்று நான் வாசித்ததைச் சொன்னேன். பாட்டிக்கு அணையில் ஆர்வமில்லை. பாட்டநெல்லை மரக்காலால் அளக்கும்போது முதலாளி வீட்டு ஆள் கும்பாரமாக அளப்பான், திருப்பிக் கூலிக்கு அளந்தால் வழித்து அளப்பான் என்பதுதான் அவருக்கு நினைவு.

1942, 43 பற்றிச் சொல்லும்போது குரல் மாறியது. உணக்குக்கிழங்கை இடித்து மாவாக்கிப் புட்டு அவிப்பது, ரேஷனுக்கு நிற்பது. "அம்மை தின்னாளா இல்லியாண்ணு நான் பாத்ததே இல்ல" என்றார். திருவிதாங்கூர் அரிசிக்கு வெளியூரை நம்பியிருந்த நாடு, பர்மா அரிசி நின்றதும் மரச்சீனிதான் காப்பாற்றியது என்று புத்தகத்தில் ஒரு வரியில் போட்டிருக்கும்.

பக்கத்து வீட்டுப் பத்திரங்கள்

விற்ற நிலத்தின் பத்திரம் வாங்கியவர் வீட்டில்தான் இருக்கும். இது தெரியாதவர் யாரும் இல்லை, ஆனால் குடும்ப வரலாறு தேடும்போது யாருக்கும் தோன்றுவதில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். பழைய சர்வே எண்ணுக்கும் இப்போதைய எண்ணுக்கும் இணை கண்டுபிடிப்பதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. அந்த வருஷத்துப் புத்தகம் செல்லரித்திருக்கிறது, நகல் தர முடியாது என்று பதில் வந்தது.

இனி பக்கத்து விளைக்காரரிடம் போக வேண்டும். வாங்கியவரின் பேரன் அங்கேதான் இருக்கிறார். குடும்பத்தில் பாதிப்பேர் வேண்டாம் என்றார்கள், கேட்கப் போனால் நிலத்துக்கு உரிமை கொண்டாட வருகிறோம் என்று பயந்துவிடுவார், நல்ல பழக்கம் கெட்டுவிடும். நியாயமான பயம்தான். ஆகவே கொள்ளுப்பேரனின் தகப்பனாரே, எழுபது தாண்டியவர், தனியாகப் போய் எடுத்த எடுப்பிலேயே "விளை உமக்குள்ளது, அதுல ஒரு தர்க்கமும் இல்ல, எங்க பாட்டிக்க கைநாட்டு ஒண்ணு பாக்கணும்" என்று சொல்வது என்று முடிவு. கிளம்பும்போது என்னையும் கூட்டிக்கொண்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வாரம் கேட்டார், யாரோ வக்கீலிடம் விசாரித்திருப்பார். பிறகு கூப்பிட்டு, மேசையில் துணி விரித்து, இரண்டு பத்திரம் எடுத்து வைத்தார். படம் எடுக்கச் சம்மதித்தார். இந்தத் தடவை நான் வாசிக்கவில்லை, ஆசிரியரைக் காரில் கூட்டிப் போயிருந்தோம்.

ஒன்று 1118 கும்பம், 1943 பிப்ரவரி மார்ச். தாயும் மூத்த மகனும் சேர்ந்து எழுதிய ஒற்றி. மகனுக்கு 19 வயது. காரணம்: நித்தியச் செலவுக்கும் கரக்குடிசிகைக்கும், அதாவது வீட்டுச் செலவும் நிலவரிப் பாக்கியும். மற்றது 1128 இடவம், 1953 மே ஜூன். அதே ஆளுக்கே விலையாதாரம், அதாவது விற்பனைப் பத்திரம். மொத்த விளை 62 சென்டில் 40 சென்ட், ஒற்றித்தொகை கழித்து மீதி ரொக்கம். தொகையைப் போட வேண்டாம் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. காரணம் இப்படி எழுதியிருந்தது: இளைய மகளின் கல்யாண ஆவசியத்துக்கு.

அடியில் மகனின் கையெழுத்து, பக்கத்தில் தாயின் இடது பெருவிரல் ரேகை. ரேகையின் நடுவில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு, பழைய வெட்டுக்காயம். மண்வெட்டியோ அரிவாளோ. பூட்டியின் உடம்பைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த ஒரே தகவல் அதுதான். கொள்ளுப்பேரனின் தகப்பனார் அதைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்ப மாட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து "விவரம் இல்லாதவ" என்று சொல்லி வந்தவர் அவர்தான்.

யாரிடம் முதலில் சொல்வது

இதுதான் கஷ்டமான முடிவு. மூத்த மகன் குடித்து அழிக்கவில்லை, பூட்டியும் ஏமாறவில்லை, இது இரண்டு கிளைக்கும் நல்ல செய்தி. ஆனால் விளை போனது இளைய மகளின் கல்யாணத்துக்கு, அவர் உயிரோடு இருக்கிறார், அவருக்கு இது தெரியுமா தெரியாதா என்றே தெரியாது. சிலர் மறைத்துவிடலாம் என்றார்கள். 86 வயதில் அந்தப் பாரத்தை எதற்கு ஏற்ற வேண்டும், "குடும்பத் தேவைக்காக" என்று பொதுவாகப் போட்டால் போதும் என்றார்கள். இன்னும் சிலர் அச்சடித்துவிட்டால் எப்படியும் யாராவது வாசித்துக் காட்டுவார்கள், முன்பு நடந்தது போதாதா என்றார்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. குழுவில் எதுவும் போடாமல், அச்சுக்கும் போகாமல், முதலில் பாட்டியிடம் போய்ச் சொல்வது, அவர் வேண்டாம் என்றால் போடாமல் விடுவது என்று தீர்மானித்தோம்.

ஆசிரியர் எழுதித் தந்த தமிழை மெதுவாக வாசித்தேன். கல்யாண ஆவசியம் என்ற இடம் வந்ததும் பாட்டி, "எனக்க கல்யாணத்துக்கா?" என்றார். ஆமாம் என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். பிறகு மரங்களை வாசிக்கச் சொன்னார். விலையாதாரத்தில் விற்ற பகுதியிலுள்ள மரங்களை எண்ணி எழுதுவது வழக்கம்: தெங்கு 11, பனை 7, அயினி 2, புளி 1, பிலா, அதாவது பலா, 1.

"பிலாவும் போச்சா?"

போயிற்று என்றேன். வீடு இருந்த 22 சென்ட்தான் மிஞ்சியது. பாட்டி கணக்குப் போட ஆரம்பித்தார், விரலை மடக்கி மடக்கி. கல்யாணம் கழிந்து மறுவீடு வந்து திரும்பும்போது அம்மை ஒரு சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டி ஓலைப்பெட்டியில் வைத்துத் தலையில் ஏற்றிவிட்டாளாம், நம்ம பிலாவில் உள்ளது என்று சொல்லி. "அப்ப அது நம்ம பிலா இல்லியே. அத அவ வெல குடுத்து வாங்கியிருக்கா. இல்லேண்ணா அவங்ககிட்ட போயிக் கேட்டு நிண்ணுருக்கா." நான் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பாட்டி, "போடுங்க, எல்லாத்தையும் போடுங்க. பிலாவையும் போடணும்" என்றார்.

பிறகு

கூடுகை டிசம்பர் கடைசியில் நடந்தது. நாலு பக்கம் ஆறு பக்கமாகிவிட்டது. மாமியார் 1894-ல் ஒற்றி வைத்து 1909-ல் மீட்டதையும், மருமகள் 1943-ல் ஒற்றி வைத்து 1953-ல் விற்றதையும் தனித்தனியாகப் போட்டோம், இரண்டு பெண்களையும் சபைப் பேராலும் வீட்டில் கூப்பிட்ட பேராலும் பிரித்துக் காட்டி. பத்திரங்களின் மரக்கணக்கும் பாட்டியின் பேச்சும் அப்படியே. ரேகையின் படமும் போட நினைத்தோம், அது வேண்டாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால் விட்டோம். அவர் கூடுகைக்கு வந்து சாப்பிட்டுப் போனார்.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று சொல்ல முடியாது. மூத்த மகள் வழியில் ஒருவர் பத்திரத்தில் காரணம் என்று எழுதுவதெல்லாம் எழுத்தர் கைச்சரக்கு, அதை நம்பக் கூடாது என்று இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆவசியம் என்று ஒன்றை எழுதிவைத்தால் பின்னால் வழக்கு வராது என்று எழுத்தர்கள் போடுவது உண்டுதான். இங்கே நான் அதை நம்புவதற்குக் காரணம், பத்திரத் தேதியும் பாட்டி துப்பாக்கிச்சூட்டு வருஷத்தை வைத்துச் சொன்ன கல்யாண வருஷமும், பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன்பே சொன்னது, ஒன்றாக வந்ததுதான். இரண்டாம் கல்யாணக் கதையும் முழுசாகச் சாகவில்லை, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போன வருஷம்கூட என்னிடம் கேட்டார்.

இனி செய்வதானால்

உயிரோடு இருப்பவரிடம்தான் முதலில் போவேன். தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைத்ததுதான் பெரிய தொந்தரவாக முடிந்தது. முதல் நாளே பாட்டியிடம் போயிருந்தால், அப்பா எப்போது இறந்தார் என்று ஒரு கேள்வியிலேயே 1099 உடைந்திருக்கும்.

மலையாள எண்ணில் உள்ள ஆண்டை இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்காமல் எங்கும் எழுத மாட்டேன். வந்த ஆண்டை வைத்து ஒவ்வொருவர் வயதையும் ஒரு தாளில் கூட்டிக் கழித்துப் பார்ப்பேன். கணக்கு எழுதிப் பிழைத்த நான் செய்யாமல் விட்டது இந்த ஒரு கழித்தல்தான். வீட்டுப்பேர் ஒன்றாக இருப்பதை ஆள் ஒன்று என்பதற்குச் சாட்சியாக எடுக்கவும் மாட்டேன், மாமியாருக்கும் மருமகளுக்கும் வீட்டுப்பேர் ஒன்றாகத்தானே இருக்கும்.

வாட்ஸ்அப்பில் பாதி வெந்ததைப் போட விடமாட்டேன். பக்கத்து வீட்டுக்கு ஆறு மாதம் கழித்துப் போனதை முதல் மாதமே போவேன், அதே பேச்சோடு.

பாட்டி 2021-ல் காலமானார். நாலு ஒலிப்பதிவும் மூன்று கிளைக்கும் கொடுத்திருக்கிறேன். அவற்றில் இரண்டாவது பதிவை அடுக்களையை ஒட்டிய திண்ணையில் உட்கார்ந்து எடுத்தேன். நடுவில் பதினொரு நிமிடம் மிக்ஸி ஓடுகிறது, ஒரு முறை அக்கானிக்கு எத்தனை கருப்பட்டி, அதில் ஏறுகிறவர் கடன் எவ்வளவு, சந்தையில் என்ன விலை என்று பாட்டி சொன்ன கணக்கு முழுவதும் அந்தப் பதினொரு நிமிடத்தில்தான் இருக்கிறது.